அவசரப்பட்ட கியரும் அப்பாவி கேபிளும்

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கல. இன்னிக்கு ஒரு கார் கதை. கார்னா கொட்டாவி விடுறவங்களும் தைரியமா படிக்கலாம். ஏன்னா இதுல காரைவிட அடியேனோட அறிவுக்கொழுந்துத்தனம்தான் அதிகம்.

முதல்ல கொசுவத்திய கொஞ்சம் சுத்திக்கிறேன். 2023 ஆகஸ்ட்ல ஒரு பழைய கார்வெட் வாங்கினேன். 1989 மாடல். என்னைவிட வயசுல மூத்தது, அதனால எங்க வீட்ல அதுக்குப் பேரு ‘அண்ணன்’. 5.7 லிட்டர் வி8 இன்ஜின், ரெண்டே சீட்டு, பின்னாடி ரெண்டு அரிசிப் பை வைக்கிற அளவு இடம். அந்த வருஷத்து கார்வெட்ல ஆறு கியர் மேனுவலும் உண்டு, நாலு கியர் ஆட்டோமேட்டிக்கும் உண்டு. நான் வாங்கினது ஆட்டோமேட்டிக். விலை கம்மி, தங்கமணியும் ஓட்டலாம். தங்கமணி அதைப் பாத்துட்டு முதல்ல கேட்ட கேள்வி, “ஏம்ப்பா, மூணாவதா ஒரு ஆள் வந்தா எங்க உக்கார வைக்கிறது?” நான் அதுக்கு இன்னிவரைக்கும் பதில் சொல்லல.

இருக்கிறது பிட்ஸ்பர்க். மேடும் பள்ளமுமா ஊரே ஒரு மலை. குளிர்காலம் பூரா அண்ணன் போர்வைக்குள்ள தூங்கினார். 2024 ஏப்ரல்ல எழுப்பினப்போ சிக்னல்ல நிக்கிறப்ப இன்ஜின் லேசா உதறிச்சு. சரி, காத்து போற வழியில அழுக்கு சேர்ந்திருக்கும்னு ஒரு சனிக்கிழமை திராட்டில் பாடியைக் கழட்டி, ஸ்ப்ரே அடிச்சு, பழைய டூத் பிரஷால தேய்ச்சு, புது கேஸ்கட் போட்டு மாட்டினேன். உதறல் போயிடுச்சு. அதோட இன்னொரு போனஸ். கியர் மாறுறது வெண்ணெய் மாதிரி ஆயிடுச்சு! முன்னாடி எல்லாம் ஒண்ணுலேர்ந்து ரெண்டுக்குப் போறப்ப முதுகுல ஒரு தட்டு தட்டும். இப்ப எப்ப மாறுதுன்னே தெரியல.

“பாத்தியா, ஒரு டூத் பிரஷ், ஒரு ஸ்ப்ரே டப்பா!”ன்னு தங்கமணிகிட்ட காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டேன். அடுத்த வாரம் அவ ஓட்டிட்டு வந்து சாவியை வைக்கும்போது சொன்னா, “வண்டி முன்னாடி மாதிரி இல்லப்பா. மேட்டுல மூச்சு வாங்குது. சும்மா வழுக்கிட்டுப் போற மாதிரி இருக்கு.”

“அது வழுக்கல் இல்ல, ஸ்மூத்”னு விளக்கம் வேற கொடுத்தேன். நாலு வருஷம் இன்ஜினீரிங் படிச்ச திமிரு.

இப்படியே ஒன்றரை மாசம். அப்புறம் ஜூன்ல ஒரு ஞாயித்துக்கிழமை பென் ஹில்ஸ் பெருமாள் கோயிலுக்குப் போயிட்டு, புளியோதரைப் பொட்டலத்தோட திரும்பி வர்றோம். பார்க்வே ஈஸ்ட்ல ஏறணும். அந்த ரோட்டுல ஓட்டினவங்களுக்குத் தெரியும், சில இடத்துல நாம வேகம் பிடிக்கிறதுக்குள்ள இணைப்புப் பாதையே முடிஞ்சிடும். பாதி ஆக்சிலரேட்டர் கொடுத்தேன். 30 மைல் வேகம்கூட வரல, அதுக்குள்ள அண்ணன் மூணாவது கியருக்குப் போயிட்டார். இன்ஜின் முனகுது, வண்டி நகர மாட்டேங்குது. சரி, முழுசா மிதிச்சா கியரை இறக்கிக்கும்னு மிதிச்சேன். இறக்கல. கண்ணாடில ஒரு ட்ரக் பெருசாகிட்டே வருது. ஹாரன் அடிச்சான் பாருங்க, இப்ப நினைச்சாலும் வயித்தைக் கலக்குது. அவன் பிரேக் போட்டதால இந்தப் பதிவு எழுதுறேன்.

வீடு வர்ற வரைக்கும் தங்கமணி ஒரு வார்த்தை பேசல. கதவுக் கைப்பிடியைப் பிடிச்ச கையை எடுக்கவும் இல்ல. அதுக்குத் திட்டியிருந்தாலே தேவலாம்.

அன்னிக்குத்தான் விஷயம் உறைச்சுது. கியர் மென்மையா மாறல. சீக்கிரமா மாறுது. இன்ஜின் வேகம் எடுக்கிறதுக்கு முன்னாடியே மேல மேல போயிடுது. இந்தக் கியர் பெட்டியோட முதல் கியர் விகிதம் 3.06, ரெண்டாவது 1.63. நடுவுல பெரிய பள்ளம். ஒண்ணுலேர்ந்து ரெண்டுக்கு மாறினா இன்ஜினோட சுத்து கிட்டத்தட்ட பாதியாக் குறையும். 4,000-ல மாறினா 2,100-க்கு வந்து நிக்கும், அங்க தெம்பு இருக்கு. 2,000-லயே மாறினா ஆயிரத்துச் சொச்சத்துல வந்து விழும். பத்தாவது முடிக்காத பையனை நேரா காலேஜ்ல சேர்த்த மாதிரி, பாவம் முழிக்கும்.

சரி, பிழை தெரிஞ்சாச்சு, பிடிக்கணும். பொட்டி தட்டுறவன் எங்க போய்த் தேடுவான்? கம்ப்யூட்டர்லதான்!

அந்தக் கால கார்ல டேஷ்போர்டுக்குக் கீழ 12 ஓட்டை வச்ச ஒரு இணைப்பு இருக்கும். அதுல ரெண்டு முனையை ஒரு பேப்பர் கிளிப்பால இணைச்சு, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் திருப்பினா, இன்ஜின் விளக்கு கண்ணடிச்சுப் பிழை எண்ணைச் சொல்லும். எனக்கு ஒரே குஷி. விளக்கு ஒரு தடவை கண்ணடிச்சுது, கொஞ்சம் நிறுத்தி ரெண்டு தடவை. 12! மறுபடி 12. மறுபடி 12. ஆஹா, மாட்டிக்கிச்சுன்னு தேடிப் பாத்தா, 12-ன்னா ‘இன்ஜின் ஓடல’ன்னு அர்த்தமாம். நான்தானே ஓட்டாம வச்சிருக்கேன்! அதுக்கப்புறம் வேற எண் எதுவும் வரலன்னா கம்ப்யூட்டர் மனசுல ஒரு குறையும் இல்லன்னு பொருள். அவ்வ்வ்வ்.

விடுவேனா? மிதி எவ்வளவு திறந்திருக்குன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்ற சென்சாரை மல்டிமீட்டர் வச்சு அளந்தேன். மிதிக்காதப்ப 0.54 வோல்ட் காட்டணும். சமத்தா 0.54 காட்டுச்சு. இப்படி ரெண்டு வார இறுதி காலி.

அப்புறம்தான் ஒழுங்கா உக்காந்து படிச்சேன். இந்தக் கியர் பெட்டிக்குப் பேரு 700ஆர்4. ஜெனரல் மோட்டார்ஸ் 1982 மாடல் கார்கள்லேர்ந்து போட ஆரம்பிச்சது. அண்ணன் காலத்துல கம்ப்யூட்டருக்கு இதுல இருக்கிற ஒரே அதிகாரம், நெடுஞ்சாலையில டார்க் கன்வர்ட்டரைப் பூட்டுறதும் திறக்கிறதும்தான். எந்தக் கியர், எப்ப மாறணும்ங்கிற பேச்சுல அதுக்கு ஓட்டுரிமையே கிடையாது. கம்ப்யூட்டரே கியரை மாத்துற 4எல்60-இ கார்வெட்டுக்கு வந்தது 1994 மாடல்லதான். ஆக, ரெண்டு வாரமா சம்பந்தமே இல்லாத ஆளைப் பிடிச்சு வச்சு விசாரிச்சிருக்கேன்.

அடுத்து ஒரு புண்ணியவான் அறிவுரை: “வாக்குவம் மாடுலேட்டரைப் பாருங்க.” நானும் பனியனோட காருக்கு அடியில மல்லாக்கப் படுத்து ஒரு மணி நேரம் தேடினேன். முதுகு பூரா எண்ணெய். கடைசியில பாத்தா அது அதுக்கு முந்தின தலைமுறைக் கியர் பெட்டிகள்ல இருக்கிற சமாச்சாரம். 700ஆர்4-ல அப்படி ஒரு உறுப்பே கிடையாது. இல்லாத ஊருக்கு வழி தேடின கதை.

உருப்படியா செஞ்சது ஒண்ணே ஒண்ணு. இன்ஜினைச் சூடாக்கி, ஓடவிட்டு, பார்க்ல வச்சு எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பாத்தேன். அளவு சரி. நிறம் சிவப்பு. மோந்து பாத்தேன், கருகல் வாடை இல்ல. இதோட அருமை எனக்கு அப்பத் தெரியல.

நம்மால ஆகாதுன்னு ஒரு டிரான்ஸ்மிஷன் கடைக்குப் போனேன். பேரு வேண்டாம். ஒரு சுத்து ஓட்டிப் பாத்துட்டு வந்தவர், பானட்டைத் திறக்கவே இல்ல. “உள்ள போயிடுச்சு. இறக்கிப் பிரிச்சு முழுசா புதுப்பிக்கணும். 2,900 டாலர்”னார். கையெழுத்து போட காகிதமும் நீட்டினார்.

எங்க கணக்குல அப்ப 3,000 டாலர் தனியா இருந்தது. டிசம்பர்ல மச்சான் கல்யாணம். சென்னைக்கு ரெண்டு டிக்கெட்டுக்குன்னு மாசாமாசம் தங்கமணி எடுத்து வச்ச காசு. பேனாவைக் கையில வாங்கிட்டேன், சத்தியமா. “வீட்ல கேட்டுட்டு வர்றேன்”னு வந்துட்டேன். கேக்கத்தான் வாய் வரல. ஒரு வாரம் வண்டியை ஓரமா நிறுத்திட்டு, “பார்ட் வரணும்”னு புளுகினேன்.

அந்த வாரம்தான் பக்கத்து வீட்டுத் தாத்தா வந்தார். எழுபதைத் தாண்டினவர், ஸ்கூல் பஸ் டிப்போல மெக்கானிக்கா இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பேசினது இங்கிலீஷ், நம்ம வசதிக்குத் தமிழ்ல சொல்றேன்.

“எப்பலேர்ந்து இப்படி?”

“ஏப்ரல் கடைசியிலேர்ந்து.”

“அதுக்கு முன்னாடி கடைசியா இதுல என்ன பண்ணே?”

“ஒண்ணும் பண்ணல.”

சொல்லி முடிக்கும்போதே எனக்குக் காது சுட்டுது. ஏன்னா ஆபீஸ்ல நான் தினமும் கேக்குற பொய் இது. நேத்துவரைக்கும் நல்லா ஓடின புரோகிராம் இன்னிக்குப் படுத்துக்கும். “என்னப்பா மாத்தினே?”ன்னு கேட்டா, “ஒண்ணுமே மாத்தல”ன்னு அடிச்சுச் சொல்வான். அவன்கிட்ட நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேப்பேன். அதே நான், அதே பதில்.

“திராட்டில் பாடியைக் கழட்டிச் சுத்தம் பண்ணேன்... ஆனா அது இன்ஜின் சமாச்சாரம், கியருக்கும் அதுக்கும்...”ன்னு இழுத்தேன். தாத்தா பானட்டைத் தூக்கச் சொன்னார். இன்ஜினை அணைச்சு வச்சு என்னை உள்ள உக்காந்து ஆக்சிலரேட்டரை முழுசா மிதிக்கச் சொன்னார். அப்புறம் என்னை வெளிய கூப்பிட்டு, திராட்டில் நெம்புகோலைத் தன் கையாலயே முழுசாத் திறந்து பிடிச்சுக்கிட்டு, அதுல தொங்கின ஒரு மெல்லிசான கம்பியை என்னைத் தொட்டுப் பாக்கச் சொன்னார். முழுசா திறந்தப்ப அது வீணை நரம்பு மாதிரி விறைப்பா இருக்கணுமாம். என் கம்பி துணி காயப்போட்ட கொடி மாதிரி ஒரு விரல் தொய்வோட ஆடுச்சு.

இதுதான் டி.வி. கேபிள். சீரியல் பாக்குற டி.வி. இல்ல. திராட்டில் வால்வு கேபிள். ஒரு முனை திராட்டில்ல, மறுமுனை கியர் பெட்டிக்குள்ள. நான் எவ்வளவு மிதிக்கிறேன்ங்கிற சேதியைக் கியர் பெட்டிக்குக் கொண்டுபோற ஒரே தபால்காரன்.

உள்ள நடக்கிறது ஒரு பஞ்சாயத்து. சக்கரத்தோட வேகத்துக்கு ஏத்தபடி எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டுற ஒரு உறுப்பு இருக்கு, பேரு கவர்னர். (மாளிகையில இருக்கிறவர் இல்லீங்க.) அவர் கட்சி, “வேகம் வந்தாச்சு, அடுத்த கியருக்குப் போ.” எதிர்க்கட்சி டி.வி. கேபிள். மிதிக்க மிதிக்க அது தன் பக்கத்து எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டி, “இருய்யா, இன்னும் மேடு ஏறணும், இந்தக் கியர்லயே இரு”ன்னு சொல்லும். நடுவுல நாட்டாமை மாதிரி ஒரு வால்வு. கவர்னர் பக்கம் ஓங்கினா கியர் மேல போகும். அவ்வளவுதான். எண்ணெயாலயே எழுதின புரோகிராம். யோசிச்சவனைக் கும்பிடணும்.

என் கார்ல என்ன ஆச்சு? கேபிள் தொய்ஞ்சு கிடந்ததால எதிர்க்கட்சியோட குரல் நாட்டாமை காதுல விழவே இல்ல. நான் பாதி மிதிச்சாலும், “ஐயா சும்மா காலை வச்சிருக்கார்”னுதான் உள்ள சேதி போயிருக்கு. தீர்ப்பு எப்பவும் கவர்னர் பக்கம். முழுசா மிதிச்சும் கியர் இறங்காததுக்கும் அதேதான் காரணம். நாட்டாமை மேல தப்பே இல்ல. கிடைச்ச சாட்சியை வச்சு ஒழுங்காத்தான் தீர்ப்பு சொல்லியிருக்கார்.

தொய்வு எப்படி வந்துச்சு? ஏப்ரல்ல திரும்ப மாட்டும்போது கம்பி முனை கொக்கிக்கு எட்டல. கேபிள் உறைமேல ஒரு பட்டன் இருந்தது. அதை அமுக்கினா உறை நகரும். ஆஹா, என்ன வசதின்னு அமுக்கி, நெம்புகோல் பக்கமா முன்னாடி தள்ளி, தளர்த்தி, மாட்டிட்டேன். அந்தப் பட்டன்தான் இந்தக் கியர் பெட்டிக்கே அளவு வைக்கிற இடம். நான் அதைச் சட்டைப் பட்டன் ரேஞ்சுக்கு நினைச்சேன். அதுல இருக்கிற பல்லு ஒரு பக்கம் மட்டும் நகரும். தானாத் தளரும், தானா இறுகாது. பத்து வருஷம் ஓட்டினாலும் அந்தத் தொய்வு அப்படியேதான் இருந்திருக்கும்.

தாத்தா அடுத்துச் சொன்னதுதான் தூக்கத்தைக் கெடுத்துச்சு. அந்தக் கேபிள் கியர் மாறுற நேரத்தை மட்டும் முடிவு பண்றதில்லையாம். உள்ள இருக்கிற கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிக்கிற எண்ணெய் அழுத்தமும் அதோட கையிலதான். தொய்வா இருந்தா அழுத்தம் குறைச்சல். நாம பலமா மிதிக்கிறப்ப தட்டுகள் இறுக்கமாப் பிடிக்காம உரசும், உரசினா கருகும். மூணாவது நாலாவது கியருக்கான கிளட்ச்தான் முதல்ல பலியாகுமாம். நான் ஸ்மூத்துன்னு மெச்சிக்கிட்டது, பிடிப்பு இல்லாம மாறின அந்த வழுக்கலைத்தான். தங்கமணி சொன்ன அதே வார்த்தை.

இதுல ஒரு வேடிக்கை. அந்தக் கேபிள் அறுந்தோ கழன்றோ போனா என்ன ஆகும்னு வடிவமைச்சவங்க யோசிச்சிருக்காங்க. அப்படி ஆனா உள்ள ஒரு குண்டு போய் வழியை அடைச்சு, அழுத்தம் முழுசா ஏறிடும். கியர் முரட்டுத்தனமா, லேட்டா மாறும். ஓட்டுறவன் அலறிட்டு மெக்கானிக்கைத் தேடுவான், கிளட்ச் பிழைக்கும். என்னை மாதிரி ஒருத்தன் பாதி தளர்த்தி வச்சாத்தான் ஆபத்து. சத்தமே இருக்காது, பாராட்டு வேற கிடைக்கும். எங்க ஆபீஸ்லயும் மொத்தமா விழுந்த சர்வரால யாரும் வேலை இழந்ததில்ல. சரியா ஓடுற மாதிரியே நடிச்சுக்கிட்டு மாசக்கணக்குல தப்பா கணக்கு எழுதினதாலதான் எழவே விழுந்திருக்கு.

சரி, வைத்தியம். இன்ஜின் அணைஞ்சிருக்கணும். பட்டனை அமுக்கி, உறையை நெம்புகோலுக்கு எதிர்ப்பக்கமா, இனிமே போகாதுங்கிற வரைக்கும் பின்னாடி தள்ளணும். பட்டனை விடணும். அப்புறம் திராட்டில் நெம்புகோலைக் கையாலயே முழுசா, கடைசி முட்டு வரைக்கும் திறக்கணும். டிக், டிக், டிக், டிக்னு பல்லு நகர்ந்து அதுவே சரியான அளவுல போய் நிக்கும். முடிஞ்சது. ரெண்டு நிமிஷம். செலவு பூஜ்யம். தாத்தாவுக்கு ஒரு டம்ளர் ஃபில்டர் காபி.

அடுத்த நாள் எண்ணெய்த் தட்டைக் கழட்டி, ஃபில்டரும் எண்ணெயும் மாத்தினேன். தட்டோட அடியில கருப்புத் துகள் குவிஞ்சிருந்தா கிளட்ச் போச்சுன்னு அர்த்தம். கழட்டும்போது கை நடுங்கினதை ஒத்துக்கிறேன். லேசா சாம்பல் நிறத்துல மை மாதிரி ஒரு படிவு. அது வழக்கமா இருக்கிறதுதானாம். அந்த ஒன்றரை மாசமும் பெரும்பாலும் ஊருக்குள்ள மெதுவா ஓட்டினதால அண்ணன் பிழைச்சார்.

ஓட்டிப் பாத்தேன். மேட்டுல மிதிச்சா முதல் கியர்லயே 4,000 சுத்தைத் தாண்டி உறுமிட்டு, அப்புறம்தான் ரெண்டுக்குப் போறார். முதுகுல அந்தப் பழைய தட்டு. அதைக் குறைன்னு நினைச்சு நான் மகிழ்ந்து ஒழிச்சேன். அது அண்ணனோட ஆரோக்கியம்.

ராத்திரி சாப்பிடும்போது தங்கமணிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். பார்ட் வரணும்னு சொன்னது புளுகு, 2,900 டாலர் காகிதம், கையில வாங்கின பேனா, என் பட்டன் சாகசம், எல்லாம். அவ தட்டுல ரசத்தை ஊத்திக்கிட்டே கேட்டா, “கம்பி தொய்ஞ்சு போச்சு, அதனால நீ மிதிக்கிறது உள்ள தெரியல. அப்படித்தானே?”

“ஆமா.”

“நான் ஏப்ரல்லயே சொன்னேனே, வழுக்குதுன்னு. அது உனக்கு எந்தக் கம்பியில வந்துச்சு?”

பதில் இல்ல. அப்பளத்தை நொறுக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அந்த டிசம்பர்ல மச்சான் கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தோம். இப்ப கோயிலுக்குப் போனா திரும்பி வரும்போது அவதான் ஓட்டுறா. பார்க்வேல ஏறுற இடத்துல, அண்ணன் முதல் கியர்ல உறுமுற வரைக்கும் நான் கதவுக் கைப்பிடியைப் பிடிச்சுக்கிறேன்.

டிஸ்கி: உங்ககிட்டயும் இந்த மாதிரி பழைய 700ஆர்4 வண்டி இருந்து, கியர் திடீர்னு ஸ்மூத்தா மாற ஆரம்பிச்சா, சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி பானட்டைத் திறங்க. அந்தக் கம்பியைத் தொட்டுப் பாக்கிற வரைக்கும் வேகமா ஓட்டாதீங்க. அதுக்கும் முன்னாடி, பக்கத்து சீட்ல இருக்கிறவங்க என்ன சொல்றாங்கன்னு கேளுங்க.